ராஜகனிக்கு வாங்கின மெஷின்

காலைக் கொஞ்சம் ஒடுக்கிக்கிடுங்க தம்பி, பெட்டி இடிச்சிரப் போகுது. உங்க காலுக்கு ஒண்ணும் ஆகாது, நான் மெஷினுக்குச் சொன்னேன். உள்ள பிளேடு இருக்கு. வட்டமா, தோசைக்கல்லு அகலத்துக்கு.

கண்டக்டர் லக்கேஜ் போட்டுட்டான் பாத்தீங்கல்ல? "என்ன பெருசு, உள்ள என்ன?"ன்னான். கறி சீவுற மெஷின்னேன். "கறிக்கடை வச்சிருக்கீகளா?"ங்கிறான். இல்லய்யா, வீட்டுக்குன்னேன். என்னைய ஒரு தடவை ஏற இறங்கப் பாத்தான். சீட்டைக் கிழிச்சுக் கையில குடுத்துட்டுப் போயிட்டான். வீட்டுக்கு மிக்சி வாங்கலாம், கிரைண்டர் வாங்கலாம், கறி மெஷின் வாங்கினா மட்டும் இவனுகளுக்குச் சிரிப்பாணியா இருக்கு.

நீங்க எதுவரைக்கும்? கோவில்பட்டியா. நான் சாத்தூர்ல இறங்கிருவேன். சட்டை புதுசா? வெள்ளை வெளேர்னு இருக்கே. ஓ, வேலைக்கு இன்டர்வியூவா. கிடைச்சிரும், கவலைப்படாதீங்க. நானும் வேலையில இருந்தவன்தான். வெயிலுமுத்துன்னு பேரு. மதுரையில ஸ்பின்னிங் மில்லு ஒண்ணுல பர்ச்சேஸ் செக்‌ஷன் முழுக்க என் கையிலதான் இருந்துச்சு. மூணு கொட்டேஷன் இல்லாம ஒரு நட்டு வாங்கினது கிடையாது. எங்க எம்.டி.யே சொல்லுவாரு, வெயிலுமுத்து கையெழுத்துப் போட்டா கண்ணை மூடிக்கிட்டுப் பணம் குடுக்கலாம்னு. ரிட்டயர் ஆயாச்சு. ஆனா அந்தப் புத்தி போகுமா?

இந்த மெஷின் யாருக்குன்னு கேக்கிறீங்களா? எங்க வீட்டம்மாவுக்குத்தான். ராஜகனின்னு பேரு. இப்ப சாத்தூர்ல அவ அக்கா வீட்டுல இருக்கா. கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மா போயிருக்கா. நான் போய்க் கூட்டிட்டு வரணும், அதான் போறேன்.

விஷயம் என்னன்னா, எங்க வீட்டுல வருஷா வருஷம் கத்திரி வெயிலுக்கு உப்புக்கண்டம் போடுவோம். தின்னிருக்கீங்களா? ஆட்டுக்கறியை நீளநீளமா அறுத்து, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எல்லாம் பிசறி, கயித்துல தொங்கவிட்டுக் காய வைக்கிறது. காய்ஞ்சதை எண்ணெயில பொரிச்சு ரசஞ்சோத்துக்கு வச்சுக்கிட்டா, அடடா, அதுக்காகவே நான் ரசம் வைக்கச் சொல்லுவேன். ராஜகனி போடுற கண்டம் மாதிரி எங்கயும் தின்னதில்ல தம்பி. சும்மா பெருமைக்குச் சொல்லல.

இந்த வருஷம் அது கட்டாயம் வேணும். ஏன்னா, எங்க மக சுகந்தி பூனாவுல இருக்கா. ஒரே பொண்ணு. கல்யாணமாகி ரொம்ப நாள் கழிச்சு இப்பத்தான் முழுகாம இருக்கா. ஆனி மாசம் பிரசவம். டாக்டர் அலையக்கூடாதுன்னுட்டாங்க, அதனால இவதான் அங்க போயி பாத்துக்கிடணும். "அம்மா, வரும்போது உப்புக்கண்டம் கொண்டாம்மா, நாக்கு செத்துப்போச்சு"ன்னு போன்ல சொல்லுச்சாம் பிள்ளை. பிள்ளைத்தாச்சி வாயைத் திறந்து கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமா?

கண்டம் அறுக்கிறதுன்னா ஏதோ கத்தியை எடுத்தோம், துண்டு துண்டாப் போட்டோம்னு நினைக்காதீங்க. முழுத்துண்டா எடுத்துக்கிட்டு, ஒரு ஆள் முனையை இழுத்துப் பிடிக்கணும். இன்னொரு ஆள் கத்தியை உள்ள விட்டு, மடிச்ச சேலையைப் பிரிக்கிற மாதிரி, அந்துபோகாமப் பிரிச்சுக்கிட்டே வரணும். கையளவு கறி முழநீளத்துக்கு வந்துரும். அப்பத்தான் கயித்துல தொங்கும், உள்ளவரைக்கும் காயும். இம்புட்டு நாளும் முனையைப் பிடிச்சது எங்க அக்கா மரகதம். மாமா போனதுக்கப்புறம் எங்ககூடத்தான் இருந்துச்சு. போன தீபாவளிக்கு அது மகன் வந்து திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டான்.

பங்குனி கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை. நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கேன். அடுப்படியில இருந்து கூப்பிடுறா. "ஏங்க, இங்க வந்து இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்களேன். நான் அறுத்துருவேன்"ங்கிறா.

எனக்குக் கவிச்சி ஆகாது தம்பி. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். திங்கிறது வேற. நல்லாவே திம்பேன், மூணு தடவை வாங்கித் திம்பேன். ஆனா பச்சைக்கறியைக் கையால தொடுறதுன்னா எனக்கு ஒரு மாதிரி ஆயிரும். அன்னைக்குப் பூராம் கையில அந்த வாடை இருக்கிற மாதிரியே இருக்கும். கல்யாணமான நாளா அவளுக்கு இது தெரியும். "எனக்கு ஆகாதுன்னு தெரியும்ல?"ன்னேன். "கைக்கு உறை வாங்கி மாட்டிக்கிடுங்க"ங்கிறா. நான் என்ன ஆபரேஷனா பண்ணப் போறேன், உறை மாட்டிக்கிட்டு உக்கார?

பேப்பரை மடிச்சு வச்சுட்டுப் போயி எட்டிப் பாக்கிறேன், கறியோட முனையைச் சணல்ல கட்டி ஜன்னல் கம்பியில மாட்டிவிட்டு, ஒத்தையா இழுத்து இழுத்து அறுத்துக்கிட்டு இருக்கா. பாதியில அந்துபோச்சு. மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. "ஒத்தை ஆளா இதைச் செய்ய முடியாதுங்க"ன்னா. கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு.

எனக்கு மனசு கேக்கல தம்பி. பெண்டாட்டி கண்கலங்கினா யாருக்குத்தான் கேக்கும்? அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இவகிட்ட நல்ல சாமான் இல்ல. அதான் இவ்வளவு பாடு. எத்தனை விலையானாலும், எத்தனை விலையானாலும்னு சொல்ல முடியாது, நியாயமான விலையில ஒரு மெஷின் வாங்கிக் குடுத்துரணும்னு.

முதல்ல ஓட்டல் சாமான் விக்கிற கடைக்குப் போனேன். உள்ள ஒரு மெஷின் வச்சிருக்கான், தையல் மெஷின் ரெண்டு சேத்து வச்ச மாதிரி. கடைக்காரர் பவ்யமாக் கேட்டாரு, "எந்த ஓட்டல் சார்?" வீட்டுக்குங்கன்னேன். "வீட்டுல எத்தனை பேரு?" நானும் வீட்டம்மாவும்னேன். அவரு பேசாம ஒரு நாற்காலி எடுத்துப் போட்டு, காபி குடிக்கிறீங்களா சார்ன்னாரு. விலையைக் கேட்டேன் பாருங்க, காபியும் இறங்கல.

அடுத்தது கையால சுத்துறது. நேந்திரங்காய் சிப்ஸ் போடுற கடையில பாத்தேன். அடியில ரப்பர் மூடி வச்சு மேசையில ஒட்டிக்கிடும். விலை சல்லிசு. ஆனா சுத்துறதுக்கும் கைதானே வேணும்? அவளுக்கு மணிக்கட்டு வலி. அவளையே சுத்தச் சொன்னா நல்லாவா இருக்கும்? அப்படியெல்லாம் கல்நெஞ்சுக்காரன் இல்ல நான்.

வீட்டுக்கு வாங்குறவுக என்ன பாக்கணும்னு கேட்டுக்கோங்க, உங்களுக்கும் உதவும். கல்யாணம் ஆகலையா? ஆகும், அப்ப உதவும். முதல்ல உள்ள இருக்கிற பல்சக்கரம் பிளாஸ்டிக்கா இரும்பான்னு பாக்கணும். விலை கம்மியா இருக்கிறதெல்லாம் பிளாஸ்டிக்தான், கறி கொஞ்சம் இறுகினா பல்லு போயிரும். பிளேடைக் கழட்டிக் கழுவ முடியுமான்னு பாக்கணும். முடியலன்னா ரெண்டு நாள்ல நாறிரும். அப்புறம் மோட்டார். சிலது பத்து நிமிஷம் ஓடினா அரைமணி நேரம் ஓய்வு குடுக்கணும்பான். எங்க மில்லுல அப்படி ஒரு ஆள் இருந்தான், அவனை நாங்க வேலையில வச்சுக்கிடல. கனம் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கணும். விரல் உள்ள போகாம ஒரு தடுப்பு இருக்கணும். இதெல்லாம் நான் எத்தனை வீடியோ பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன் தெரியுமா? வெள்ளைக்காரன் ஒருத்தன், ரஷ்யாக்காரன் ஒருத்தன், பாஷை புரியலைன்னாலும் விடாமப் பாத்தேன்.

சாப்பிடுறப்ப இதையெல்லாம் அவளுக்கு விளக்கிச் சொல்லுவேன். அவ சோறு போட்டுக்கிட்டே கேப்பா. ஒருநாள் சொல்றா, "இத்தனை கடை ஏறி இறங்குன நேரத்துக்கு ஒரு நாள் வந்து பிடிச்சிருந்தா இந்நேரம் கண்டம் காய்ஞ்சிருக்கும்." இதைத்தான் தம்பி என்னால தாங்க முடியாது. ஒரு மனுஷன் அவளுக்காக இந்த வெயில்ல அலையிறான். ஒரு நல்ல வார்த்தை கிடையாது.

கடைசியில ஒரு சின்ன கரண்டு மெஷின் வாங்கினேன். மூணு கொட்டேஷன்ல அதான் குறைச்சல். பல்சக்கரம் பிளாஸ்டிக்தான், ஆனா விலைக்குத் தேவலை. வீட்டுக்குக் கொண்டுவந்து, குங்குமம் வச்சு, ஓட்டிப் பாத்தேன். கத்திரிக்காய் போட்டேன், வாழைக்காய் போட்டேன், பூசணிக்காய், பன்னு, எல்லாத்தையும் போட்டேன். காகிதம் மாதிரி வருது! தெருவே வந்து பாத்துச்சு. எதிர்வீட்டுல வாழைக்காய் சிப்ஸே பொரிச்சுட்டாங்க. ராஜகனி நிலைவாசல்ல கையைக் கட்டிக்கிட்டு நின்னு பாத்தா. "எல்லாம் சரி. இதுல கறியைப் போடுங்க, பாப்போம்"ன்னா.

கறியை நான் எப்படிப் போடுறது? கவிச்சி ஆகாதுன்னு சொன்னேன்ல. "நீ போடு, நான் சுவிட்சு போடுறேன்"னேன்.

அங்கதான் ஒரு சிக்கல். புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னா, கறி பாதி உறைஞ்சு இருக்கணுமாம். அப்பத்தான் மெஷின்ல சரியாப் போகுமாம். ஃப்ரிட்ஜுல வைக்கணும். எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல கறி வைக்கக்கூடாது தம்பி. அது நான் போட்ட சட்டம். நான் சஷ்டி விரதக்காரன். முருகனுக்கு அபிஷேகப் பால், பூ, பஞ்சாமிர்தம் எல்லாம் அதுலதான் இருக்கும். ஞாயித்துக்கிழமை வாங்குற கறி ஞாயித்துக்கிழமையே தீர்ந்துரணும். ஃப்ரிட்ஜு வாங்கின நாள்ல இருந்து அப்படித்தான். மெஷின் வந்துருச்சுன்னு சாமியை மாத்த முடியுமா?

ராஜகனி இடுப்புல கையை வச்சுக்கிட்டு நிக்கிறா. "இப்ப என்ன செய்யப் போறீங்க?" நான் விட்டுருவேனா? மீன்கடையில போயி தெர்மாக்கோல் பெட்டியும் ஐஸும் வாங்கியாந்தேன். கறியைப் பையில கட்டிப் பெட்டியில போட்டு வராண்டாவுல வச்சோம். எடுத்துப் பாத்தா மேல கல்லு மாதிரி இருக்கு, உள்ள கொழகொழன்னு இருக்கு. சரின்னு மெஷின்ல குடுத்தோம். முதல்ல ரெண்டு மூணு துண்டு நல்லாத்தான் வந்துச்சு. ஆனா வட்டமா வருது! ரூவாக்காசு மாதிரி. நீளமா வந்தாத்தானே தொங்கவிடுறதுக்கு? காசைக் கயித்துல எப்படித் தொங்கவிடுறது? அப்புறம் கொழகொழப்பு பிளேடுல சுத்திக்கிருச்சு. உள்ள கடகடன்னு ஒரு சத்தம். போச்சு, பல்லு.

அவ சிதறுன கறியை எல்லாம் வழிச்சு எடுத்து அன்னைக்குக் குழம்பு வச்சுட்டா. நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. நான் வழக்கம்போலத்தான் சாப்பிட்டேன். சாப்பிட்டு எந்திரிச்சு வந்து பாத்தா, முத்தத்துல உக்காந்து மெஷினைப் பாகம் பாகமாக் கழட்டி, பழைய பிரஷ்ஷால இண்டு இடுக்குல இருக்கிற கறியைச் சுரண்டிக்கிட்டு இருக்கா. வெயில் சுள்ளுனு அடிக்குது. "பாத்தியா, கழட்டிக் கழுவுற மாதிரி பாத்து வாங்கினது எவ்வளவு நல்லதாப் போச்சு"ன்னேன். பிரஷ்ஷைத் தண்ணியில முக்கி எடுத்துத் திரும்பத் தேய்ச்சா. அவ பொதுவாவே வாயாடி கிடையாது.

விருதுநகர் வந்துருச்சா? இல்லையா, இது அதுக்கு முன்னாடி. ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க, அனல் அடிக்குது.

நான் அன்னைக்குப் பூராம் யோசிச்சேன். எங்க தப்பு நடந்துச்சு? மில்லா இருந்தா உடனே கண்டுபிடிச்சிருவேன். அப்புறம் புரிஞ்சுபோச்சு. விலை குறைச்சலா இருக்குன்னு சின்ன மெஷினா வாங்கினதுதான் தப்பு. அவளுக்கு வேண்டியது என்ன? கறியை இறுக்கிப் பிடிக்கணும், அவ அறுக்கணும். அந்தச் சின்ன மெஷின்ல பிடிக்கிற ஏற்பாடே சரியில்ல. பெரிய மெஷின்ல அதுக்குன்னே ஒரு பிடி இருக்கு தம்பி! பல்லு வச்ச பிடி. கறியை ஒரு முனையில கவ்விப் பிடிச்சா விடவே விடாது. நீளவாக்குலயும் குடுக்கலாம். பழைய ஓட்டல் ஒண்ணு மூடுறதா அந்தக் கடைக்காரர் சொன்னாரு, காபி குடுத்தாரே, அவரு. ஒரு தடவை கைமாறினது, பாதி விலை. சின்னதைத் திருப்பிக் குடுத்துட்டு இதை எடுத்துக்கலாம்னு கிளம்பிட்டேன். அவகிட்ட சொல்லல. சொன்னா வேண்டாம்பா. கொண்டுவந்து இறக்கினதுக்கப்புறம் சந்தோஷப்படட்டும்னு நினைச்சேன்.

நாள் பூராம் பேரம் பேசி, மெஷினை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு வந்தா, வீடு பூட்டியிருக்கு. சாவி எதிர்வீட்டுல. சோறு வடிச்சு, ரசம் வச்சு, அப்பளம் பொரிச்சு எல்லாம் மூடி வச்சிருக்கா. ஆளைக் காணோம். போன் போட்டா, "அக்கா வீட்டுக்கு வந்துட்டேன். இங்க மொட்டைமாடி பெருசு. வெயில் நல்லா அடிக்குது. கண்டத்தை இங்கயே போட்டுக்கிடுறோம்"ங்கிறா.

எனக்கு இது விளங்கவே இல்ல தம்பி. மதுரையிலயும் அதே சூரியன்தானே? எங்க மொட்டைமாடி என்ன சின்னதா? நாலு கல்யாணப் பந்தி போடலாம். அப்படி வெயில் பத்தலைன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாடியில நிழல் விழுற தென்னமரத்து ஓலையை வெட்டி விட்டிருப்பேன்ல?

அந்த வீட்டுல என் சகலை இருக்காரு. பொன்னுச்சாமின்னு பேரு. சேவுக்கடை வச்சிருக்காரு. நல்ல மனுஷன்தான், குறை சொல்லக்கூடாது, ஆனா உலக விவரம் பத்தாது. ஒரு ஃபியூஸ் போட வராது. அங்க இருந்து தனக்கு வந்த வீடியோவைச் சுகந்தி ஒரு நாள் எனக்கு அனுப்பியிருந்துச்சு, "அப்பா, பெரியப்பாவைப் பாருங்க"ன்னு. பாக்கிறேன், அவரு லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு, கீழ கோரைப்பாயில சம்மணம் போட்டு உக்காந்து, கறியோட முனையை ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருக்காரு. முழங்கை வரைக்கும் மஞ்சளும் ரத்தமும். இவ எதுக்கால உக்காந்து அறுக்கிறா. அவரு ஏதோ சொல்லுறாரு, இவ விழுந்து விழுந்து சிரிக்கிறா. ராஜகனி அப்படிச் சிரிச்சு நான் ரொம்ப நாளாப் பாத்ததில்ல.

ஒரு முனையைப் பிடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா, சொல்லுங்க? அதை எந்தக் குழந்தையும் செய்யும். அதுக்குப் போயி பெரிய சாதனை பண்ணின மாதிரி வீடியோ எடுத்து அனுப்புறாக. அந்த வீடியோவை நான் திருப்பித் திருப்பிப் பாத்தேன். நான் மெஷின் வாங்கினேனே, அதை யாராவது வீடியோ எடுத்தாகளா?

சரி, உண்மையைச் சொல்லிர்றேன். அவ இல்லாம என்னால இருக்க முடியல தம்பி. டிவியைப் போட்டா சத்தம் வருது, அம்புட்டுத்தான். நானே ரசம் வச்சுப் பாத்தேன். எல்லாம் போட்டேன், புளி, மிளகு, சீரகம், ஒண்ணும் குறை இல்ல. ஆனா ரசமா அது? பெருங்காயத்தை எங்க வச்சிருக்கான்னு கேக்கிறதுக்காக ஒரு தடவை போன் போட்டேன். சொன்னா. அதுக்கப்புறம் என்ன பேசுறதுன்னு தெரியல, வச்சுட்டேன். மறுநாள் உப்பு எங்க இருக்குன்னு கேட்டுப் போட்டேன். உப்பு எனக்கு எதுக்கால, கண்ணு முன்னாடியேதான் இருந்துச்சு.

திடீர்னு கிளம்பி வா வான்னு எப்படிக் கூப்பிடுறது? ஒரு காரணம் வேண்டாமா? அதான் இந்த மெஷின். இதைக் கொண்டுபோயி நடுவீட்டுல இறக்கி வச்சா, அவளே எல்லாத்தையும் புரிஞ்சுக்கிடுவா.

ஆமா, நேத்து சாயங்காலம் அவளே போன் பண்ணினா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு, அவளாப் பண்ணினதே இல்லையே. என்ன சொன்னா தெரியுமா? சகலைக்கு முழங்கால் பிடிச்சுக்கிருச்சாம். கீழ உக்கார முடியலையாம். அவ அக்காவுக்குக் கடையைப் பாக்கணுமாம். கடைசிக் கறி இன்னும் அறுக்கணும், பிடிக்க ஆள் இல்லைங்கிறா.

நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். மனுஷனை நம்பினா இப்படித்தான். மெஷினுக்கு முழங்கால் உண்டா?

அவ சொல்றா, "காலையில கறி வாங்கி வச்சிருவேன். வெயில் ஏறுறதுக்குள்ள நீங்க வாங்க. நீங்க வந்து பிடிச்சீகன்னா நாளைக்கே முடிஞ்சிரும். சாயங்காலம் உங்ககூடவே ஊருக்கு வந்துர்றேன்."

"வரலைன்னா?"ன்னேன், சும்மா விளையாட்டுக்கு.

அதுக்கு அவ சொன்னா. "வரலைன்னா நான் இங்க இருந்தே பூனாவுக்குப் போயிர்றேன். அக்காவும் கூட வர்றேங்கிறா. அங்க போயி எப்ப வருவேன்னு தெரியல. பிள்ளைக்கு ஒரு வயசு ஆகட்டும்னு பாக்கிறேன்."

ஒரு வருஷம் தம்பி! ஒரு வருஷம் நான் அந்த ரசத்தைக் குடிக்கிறதா? "வர்றேன், வர்றேன், காலையில முதல் வண்டிக்கே வர்றேன்"னுட்டேன். போனை வைக்கப் போறா, அப்பத் திரும்பச் சொன்னா. "ஏங்க, எதையும் தூக்கிட்டு வராதீங்க. நீங்க மட்டும் வாங்க. எனக்கு அது போதும்." குரலே ஒரு மாதிரி இருந்துச்சு.

பாத்தீங்களா? அதான் ராஜகனி. ஏதாவது பழம், பலகாரம்னு சுமந்துக்கிட்டு வந்து கஷ்டப்படுவேனோன்னு அவளுக்கு. ஆனா சகலை வீட்டுக்கு வெறுங்கையோட போற ஆளா நான்? அதுவும் அவளுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுக்கிட்டே? பிடிக்க ஆள் வேணும்னுதானே கேட்டா? அவ கேட்டதைத்தான் தம்பி கொண்டுபோறேன். இந்தப் பிடி இருக்கே, எந்த மனுஷனும் இப்படிப் பிடிக்க முடியாது. நான் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு, எப்படி ஓட்டணும்னு சொல்லிக் குடுத்தாப் போதும். கவிச்சியும் படாது, வேலையும் முடிஞ்சிரும். சாயங்கால வண்டிக்கு ரெண்டு பேரும் கிளம்பிருவோம்.

கறி உறைஞ்சிருக்கணுமா? அட, நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்களே. அது ஒண்ணுதான். சகலை வீட்டு ஃப்ரிட்ஜுல கறி வைப்பாக, அங்க அந்தச் சட்டம் கிடையாது. இன்னைக்கு வச்சு எடுத்தா நாளைக்கு அறுத்துரலாம். ஒரு நாள் தள்ளிப்போகும். அதனால என்ன? ராஜகனி பொறுத்துக்கிடுவா. பொறுமைசாலி.

இந்தா, சாத்தூர் வந்துருச்சு. வெள்ளரிக்காய்க்காரவுக கூடையைத் தூக்கிட்டு ஓடிவர்றாக பாருங்க. மணி என்ன ஆச்சு? பதினொண்ணா? அடடா, இந்தப் பெட்டியை ஏத்த மாட்டேன்னு முதல் ரெண்டு வண்டிக்காரனும் விட்டுட்டுப் போனதுல வெயில் ஏறிப்போச்சே. வாசல்லயே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. ஏம்ப்பா கண்டக்டர், நிப்பாட்டு, நிப்பாட்டு, சாமான் இறக்கணும். லக்கேஜ் போட்டீல்ல, ரெண்டு நிமிஷம் நிக்க மாட்டியா?

தம்பி, அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க. படிக்கட்டு வரைக்கும்தான். மதுரையில ஆட்டோக்காரர் பிடிச்சாரு, ஏத்திட்டேன். இங்க யாரு இருக்கா?

என்ன யோசிக்கிறீங்க? ஆமா, அடியில கொஞ்சம் கிரீஸு கசிஞ்சிருக்கு. பழைய மெஷின்ல, இருக்கத்தான் செய்யும். சட்டையில படுமா? உரசாமப் பிடிங்க, படாது. கையில பட்டா என்ன, சோப்பைப் போட்டுக் கழுவினா ஓடிப்போயிரும். கை என்ன அழுகியா போயிரும்?

அட, என்ன தம்பி நீங்க? இம்புட்டு நேரம் சொந்தக்காரன் மாதிரி பேசிக்கிட்டு வந்தோம். இது ஒத்தை ஆளாச் செய்யுற வேலையா, நீங்களே பாருங்க. தூக்கவா சொல்றேன்? சும்மா அந்த முனையைப் பிடிக்கத்தானே சொல்றேன்? ஒரு முனையைப் பிடிக்கிறதுக்குப் போயி ஒரு மனுஷன் இப்படி முழிக்கலாமா?